ஆஸ்துமாவும் சிஓபிடியும் சேர்ந்து வந்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சிறு வயது முதல் அவ்வப்போது வீசிங் வந்து போய்க்கொண்டிருந்த ஒருவருக்கு ஐம்பது வயதைக் கடந்தபின் அந்த இளைப்பு முழுதாக விடாமல் தங்கிவிடலாம். காலமெல்லாம் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்த ஒரு பெண்மணிக்கு, நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குவதோடு தும்மலும் இரவு இரைப்பும் சேர்ந்து வரலாம். இப்படிப்பட்டவர்களின் உடலில் ஆஸ்துமாவும், சிஓபிடி எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் ஒருங்கே இருக்க வாய்ப்பு உண்டு. இந்த இரண்டையும் ஒரே சிகிச்சையால் சமாளிக்க முடியாது என்பதாலும், ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டுவிடுவது ஆபத்து என்பதாலும், நோயாளியும் வீட்டாரும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். பாலக்கோடு பக்கத்தில் வசிக்கும் என் அம்மாவுக்கு இவ்விரண்டும் இருப்பதால், இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி எங்கள் வீட்டில் அன்றாடம் நடப்பதுதான்.

ஆஸ்துமாவில் ஒவ்வாமையாலும் அழற்சியாலும் மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்குகின்றன. மருந்து கொடுத்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்கு விரிந்துவிடுகின்றன. அதனால்தான் இன்று படுத்த படுக்கையாகக் கிடந்தவர் நாளை எழுந்து வயலுக்குப் போகிறார். சிஓபிடி அப்படிப்பட்டதல்ல. ஆண்டுக்கணக்கில் உள்ளே போன புகையும் தூசியும் சிறு குழாய்களைத் தடிக்கச் செய்து, காற்றறைகளின் சுவர்களையும் அரித்துவிடுவதால், அதில் ஏற்படும் அடைப்பு மருந்தால் ஓரளவு குறையுமே தவிர முழுதாக நீங்காது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு நிரந்தரமான அடைப்பு ஒன்று அடியில் இருக்க, அதன்மேல் ஏறி இறங்கும் இரைப்பு ஒன்றும் இருக்கும். ஆஸ்துமாவுக்கான உலக அமைப்பான ஜினாவும் சிஓபிடிக்கான உலக அமைப்பான கோல்டும் 2014-ஆம் ஆண்டு இந்தக் கலப்பு நிலையைப் பற்றிச் சேர்ந்தே ஓர் ஆவணம் வெளியிட்டன. பின்னர் 2020-ஆம் ஆண்டு கோல்டு அறிக்கை, இதைத் தனியொரு நோயாகக் குறிப்பிடுவதைக் கைவிட்டு, இரு வேறு நோய்கள் ஒருவரிடமே இருக்கலாம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. பெயர் எதுவானாலும் சிகிச்சையின் அடிப்படை விதி மாறவில்லை: ஆஸ்துமாவின் அறிகுறி சிறிதேனும் இருந்தால், உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து தினமும் உள்ளே போயாக வேண்டும்.

இந்த விதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிஓபிடி மட்டும் உள்ளவர்களுக்கு, குழாயை நீண்ட நேரம் விரித்து வைக்கும் மருந்துகளை மட்டுமே கொடுத்து மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவது உண்டு. ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பவருக்கு ஃபார்மோடெரால், சால்மீடெரால் போன்ற அந்த மருந்துகளை ஸ்டீராய்டு துணையின்றிக் கொடுத்தால், வெளியே குழாய் விரிந்து மூச்சு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் உள்ளே அழற்சி வளர்ந்துகொண்டே போய், திடீரென உயிருக்கே ஆபத்தான இரைப்பு வரக்கூடும். ஆகவே உங்கள் கையில் உள்ள பம்பின் (இன்ஹேலரின்) மேல் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரை ஒருமுறை வாசியுங்கள். புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், சிக்ளசோனைடு என்பவற்றில் ஒன்று அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, சிறு வயதில் வீசிங் இருந்தது, ஒவ்வாமை உண்டு, உடன்பிறந்தவர்களுக்கும் ஆஸ்துமா உண்டு என்பனவற்றையெல்லாம் சொல்லி, ஸ்டீராய்டு வேண்டுமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

முதலில் செய்யவேண்டிய பரிசோதனை

நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பதாலோ எக்ஸ்ரே எடுப்பதாலோ மட்டும் இந்த நோயை உறுதிசெய்ய முடியாது. ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனை கட்டாயம் வேண்டும். அதில், முழு மூச்சு இழுத்துப் பலமாக ஊதும்போது, மொத்தமாக வெளியேறும் காற்றில் முதல் ஒரு நொடிக்குள் எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்கிறார்கள். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்த விகிதம் 0.70-க்குக் கீழே நின்றால் நிரந்தர அடைப்பு இருக்கிறது என்று பொருள். மருந்துக்குப் பிறகு முதல் நொடிக் காற்று 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடினால் ஆஸ்துமாவின் தன்மையும் சேர்ந்திருக்கலாம். 400 மில்லிலிட்டருக்கு மேல் கூடினால் அந்த ஐயம் வலுப்படுகிறது. ரத்தத்தில் ஈயோசினோஃபில் என்னும் ஒரு வகை வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தாலும், உறிஞ்சும் ஸ்டீராய்டு நன்கு பலன் தரும் என்று எதிர்பார்க்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சகப் பிரிவில் ஸ்பைரோமெட்ரி பற்றிக் கேளுங்கள். முடிவுத் தாளைத் தூக்கிப் போடாமல் ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது, பின்னாளில் எந்த மருத்துவரிடம் போனாலும் உதவும்.

நம் பகுதியில் இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். எப்போதோ காசநோய் வந்து குணமானவர்களுக்கு அதன் தழும்பே நுரையீரலில் நிரந்தர அடைப்பை உண்டாக்கியிருக்கக்கூடும் என்பதால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பர்கூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் கிரானைட் குவாரியிலும் கிரஷரிலும் வேலை பார்த்தவர்கள், எந்த வேலையை எத்தனை ஆண்டு செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். கல் தூசியில் உள்ள சிலிக்கா தனியாகவே நுரையீரலை இறுக்கிவிடும், அதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும்.

பம்பைப் பிடிக்கும் முறை

சிகிச்சை தோற்றுப்போவதற்கு மருந்தின் குறையைவிட, மருந்து தொண்டையோடு நின்றுபோவதே அடிக்கடி காரணமாகிறது. அதனால் இந்தப் பகுதியை வீட்டில் உள்ள இன்னொருவரும் சேர்ந்து படித்து, நோயாளி மருந்து எடுக்கும்போது அருகில் அமர்ந்து கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெரும்பாலானோர் வீட்டில் இரண்டு வகை மருந்துகள் இருக்கும். ஒன்று, மூச்சு நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையும் மாலையும் எடுக்க வேண்டிய தினசரி மருந்து. அதில் ஸ்டீராய்டும், நீண்ட நேரம் வேலை செய்யும் விரிவாக்கியும், சிலருக்குக் கூடவே டயோட்ரோபியம் போன்ற மூன்றாவது மருந்தும் இருக்கும். மற்றொன்று, இரைப்பு வந்த நேரத்தில் மட்டும் எடுக்கும் சால்பியுடமால். இரண்டின் நிறத்தை நம்பாமல், தினசரி மருந்தின் மேல் 'தினமும்' என்றும் மற்றதன் மேல் 'இரைப்புக்கு' என்றும் தாள் ஒட்டி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, தினசரி மருந்தின் மேல் ஒரு ரப்பர் வளையம் மாட்டிவிட்டால் கை பட்டவுடன் தெரிந்துவிடும். அம்மா இருட்டிலும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். சில மருத்துவர்கள் புடசோனைடும் ஃபார்மோடெராலும் கலந்த ஒரே பம்பை இரண்டு வேலைக்கும் எழுதித் தருவதுண்டு. உங்களுக்கு எது என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அமுக்கி எடுக்கும் பம்பை, பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் என்னும் கூடு இல்லாமல் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிமிர்ந்து உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்த வேண்டும். மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு, ஸ்பேசரின் வாயை உதடுகளால் இடைவெளி இல்லாமல் கவ்வி, ஒரே ஒரு முறை அமுக்கி, மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி வைக்க வேண்டும். அடக்க முடியாத அளவுக்கு இளைப்பு இருந்தால், ஸ்பேசரை வாயிலிருந்து எடுக்காமலே ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு இழுத்து விட்டால் போதும். இரண்டாவது முறைக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மறுபடி குலுக்கி, மறுபடி ஒரே ஒரு அமுக்கு. மூன்று நான்கு முறை தொடர்ந்து அமுக்கிவிட்டு ஒரே மூச்சாக இழுப்பதால் மருந்து ஸ்பேசரின் சுவரில் படிந்து வீணாகிறது. ஸ்பேசரை வாரம் ஒருமுறை மிதமான சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் நிழலில் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவசரத்தில் ஸ்பேசர் கையில் இல்லையென்றால், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் சரியாக நுழையும் அளவுக்குத் துளையிட்டுப் பயன்படுத்தலாம்.

கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலரில் முறை நேர்மாறானது. அதில் மெதுவாக இழுத்தால் பொடி கிளம்பாது. வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். மூச்சை வெளியே விடும்போது கருவியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாயின் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். இழுத்து முடித்ததும் கருவியைத் திறந்து கேப்ஸ்யூலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஓரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பொடி மிஞ்சுகிறதென்றால், இழுக்கும் பலம் குறைந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு ஸ்பேசரோடு கூடிய பம்பே ஏற்றது. கேப்ஸ்யூலை மாத்திரைபோல விழுங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால், புதிதாக வாங்கிவரும் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

ஸ்டீராய்டு உள்ள எந்த மருந்தை எடுத்த பிறகும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலமும் குரல் கம்மலும் வரும். பம்பில் மருந்து இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல. மீதி அமுக்குகளைக் காட்டும் எண் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் தொடங்கிய தேதியை மேலே எழுதி, ஒரு நாளைக்கு எத்தனை அமுக்கு என்பதைக் கொண்டு கணக்கிடுங்கள். 200 அமுக்குகள் கொண்ட சால்பியுடமால் பம்பு ஓர் ஆண்டில் மூன்று அல்லது அதற்கு மேல் தீர்ந்துபோனால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, பெரிய தாக்குதல் வரும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று அறிந்து மருத்துவரைப் பாருங்கள்.

'பம்பு பழகிவிட்டால் விட முடியாது' என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் நிற்கவில்லை. பம்பு பழக்கமாவதில்லை, நோய்தான் நாட்பட்டது. மாத்திரையிலோ ஊசியிலோ உடல் முழுதும் போகும் ஸ்டீராய்டோடு ஒப்பிட்டால், பம்பில் நேராக நுரையீரலுக்குப் போகும் அளவு மிகச் சிறியது. மூச்சு சீரானதும் தினசரி மருந்தை நிறுத்திவிட்டு, இரைப்பு வந்ததும் ஓடிப்போய் ஊசி போட்டுக்கொள்வது என்ற சுழற்சியில்தான் பலருடைய நுரையீரல் ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்குகிறது.

அந்த ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்துக்கடையிலோ சிறு கிளினிக்கிலோ போடும் டெக்ஸா என்னும் ஸ்டீராய்டு ஊசியும் டெரிபிலின் ஊசியும் அன்று மாலைக்குள் ஆறுதல் தரும் என்பது உண்மைதான். கடுமையான தாக்குதலின்போது ஸ்டீராய்டு மாத்திரை ஐந்து நாட்கள் அளவில் தேவைப்படுவதும் முறையான சிகிச்சைதான். ஆனால் மாதந்தோறும் ஊசி, அல்லது கடையில் கேட்டு வாங்கும் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை, அல்லது பெயர் எழுதாத பொட்டலப் பொடி என்று தொடர்ந்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பொடியும், கண்ணில் புரை விழும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போது, இடையில் ஸ்டீராய்டு எடுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். அத்திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வருவதுண்டு என்பதால், மூச்சுப் பயிற்சியை அவரிடமே நேரில் கற்றுக்கொள்ளலாம்.

புகையும் தூசியும்

மருந்து எவ்வளவு சரியாகப் போனாலும், அதே குழாய் வழியே புகையும் போய்க்கொண்டிருந்தால் பலன் பாதிதான். பீடி, சிகரெட் பிடிப்பவர் நிறுத்துவதற்கு இணையான மருந்து சிஓபிடிக்கு இல்லை. தாமாக முடியாதவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணில் ஆலோசனை பெறலாம். நிக்கோடின் மெல்லும் பசை போன்ற உதவிகளையும் மருத்துவரிடம் கேட்கலாம். வீட்டில் மற்றவர் பிடித்தாலும் கேடு நோயாளிக்குத்தான்.

நம் பெண்களில் பெரும்பாலோர் பீடியைத் தொட்டதே இல்லை. அவர்களுக்குப் புகை அடுப்பிலிருந்து வந்தது. இன்று எரிவாயு இல்லாத வீடு குறைவு என்றாலும், களி கிண்டுவதற்கும், குளிக்க வெந்நீர் வைப்பதற்கும், மாட்டுக்குத் தீவனம் வேகவைப்பதற்கும் விறகடுப்பு இன்னும் பின்கட்டில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சிலிண்டர் சேமிக்க வேண்டும் என்ற கவலை நியாயமானதே. ஆனாலும் நோயாளி அந்த அடுப்பின் முன் உட்காரக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. விறகு எரிந்தே ஆக வேண்டுமென்றால் அடுப்பைத் திறந்த வெளிக்கு மாற்றி, காய்ந்த விறகை மட்டும் பயன்படுத்தி, வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மிளகாய் வறுப்பதும் தாளிப்பதும் நடக்கும்போது நோயாளி வெளித் திண்ணையில் இருக்கட்டும். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். போகிக் காலையில் பழைய பாயும் டயரும் எரியும்போதும், தீபாவளி இரவிலும் கதவு, சன்னல்களை அடைத்து உள்ளே இருப்பது நல்லது. முந்தைய நாளே தினசரி மருந்து தவறாமல் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்களுக்கு இது தனியாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் தருமபுரி, கிருஷ்ணகிரியில் எத்தனையோ வீடுகள் இந்தத் தொழிலை நம்பியுள்ளன. புழு தோலுரிக்கும் நேரத்தில் புழுப் படுக்கைமேல் தூவும் சுண்ணாம்புத் தூள், கிருமிநாசினித் தூள், காய்ந்த புழு எச்சம், கூட்டிலிருந்து உதிரும் நார், புழு வளர்ப்பு மனையைச் சுத்தம் செய்யும்போது தெளிக்கும் பிளீச்சிங் பவுடர் கரைசலின் நெடி ஆகிய அனைத்தும் மூச்சுக்குழாயைத் தூண்டும்; சிலருக்குப் பட்டுப்பூச்சியின் செதில்கூட ஒவ்வாமை தரும். மனைக்குள் போன அன்று இரவு இருமல் கூடுகிறதா, ஒரு வளர்ப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் குறைகிறதா என்று நாட்குறிப்பில் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால், தூள் தூவுவதையும் படுக்கை மாற்றுவதையும் வீட்டில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இலை பறிப்பது, கணக்குப் பார்ப்பது, கூடுகளை அங்காடிக்கு அனுப்புவது போன்ற வெளிவேலைகளை நோயாளி ஏற்றுக்கொள்ளலாம். குடும்பத்தின் வருமானம் நிற்காமல் வேலையை மட்டும் மாற்றிக்கொள்ள இதுவே வழி.

மாசி, பங்குனியில் வீட்டு வாசலில் புளி தட்டும்போது ஓட்டுத் தூசி பறக்கும். கேழ்வரகு அடித்துத் தூற்றும்போது உமி பறக்கும். மாந்தோப்பில் பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து அடிக்கும்போது காற்றில் நெடி மிதக்கும். மழைக்குப் பிறகு சாலையோரமெங்கும் மண்டும் பார்த்தீனியம் பூத்திருக்கும்போது அதை நோயாளி கையால் பிடுங்கவே கூடாது. துண்டை மூக்கில் கட்டுவது நுண்ணிய தூசியைத் தடுக்காது. தவிர்க்க முடியாத சிறிது நேர வேலைக்கு என்95 முகக்கவசம் அணியலாம், அதற்குள் மூச்சு முட்டுபவர்கள் அந்த வேலைக்கே போகக் கூடாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை மாதங்களின் குளிர்காற்று இரைப்பைத் தூண்டும் என்பதால், வெயில் ஏறியபின் வெளியே வருவதும், மூக்கையும் வாயையும் மூடி மூக்கின் வழியே மூச்சு விடுவதும் உதவும்.

உடலைப் பேணுதல்

மூச்சு வாங்குகிறது என்று நடையைக் குறைத்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் அதே வேலைக்கு இன்னும் அதிகம் மூச்சு வாங்கும். எனவே பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில், முதலில் சில நிமிடங்களில் தொடங்கி, வாரத்தில் ஐந்து நாட்களாவது இருபது முப்பது நிமிடம் சமதளத்தில் நடக்கும் அளவுக்கு மெல்ல உயர்த்துங்கள். இளைப்பு வந்தால் நின்று, மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விளக்கை அணைக்க ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். இதனால் குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல், உள்ளே தங்கிய காற்று வெளியேறும்.

உணவில் நம்மவர்கள் தேவையற்ற பத்தியம் இருக்கிறார்கள். வாழைப்பழம், கொய்யா, தயிர் ஆகியவற்றைச் சாப்பிட்டால் எல்லோருக்கும் சளி பிடிக்கும் என்பது சரியல்ல. ஒரு பொருளைச் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் இரைப்பு வந்தால் மட்டும் அதைத் தவிர்த்தால் போதும். எடை குறைந்துகொண்டே போவது சிஓபிடியில் கெட்ட அறிகுறி என்பதால், முட்டை, பருப்பு, நிலக்கடலை, மீன் என்று புரதம் தினமும் வேண்டும். வயிறு நிறையக் களி உண்டால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு முட்டும். அதையே பாதிப் பாதியாக இரு வேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரவு உணவை முடித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை இன்ஃப்ளுயென்சா தடுப்பூசியும், மருத்துவர் சொல்படி நிமோகாக்கல் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். உறிஞ்சும் ஸ்டீராய்டு எடுக்கும் சிஓபிடி நோயாளிகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது, காய்ச்சலும் நிறம் மாறிய சளியும் வந்தால் தாமதிக்காமல் காட்டினால் போதும்.

வேறு நோய்க்குத் தரும் மருந்துகளிலும் கவனம் வேண்டும். ப்ரொப்ரனோலால் மாத்திரை இரைப்பைத் தூண்டும். கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் அப்படியே, கண்ணில் விடுவதுதானே என்று பலர் நுரையீரல் மருத்துவரிடம் சொல்வதில்லை. வலி மாத்திரைகளால் சிலருக்குக் கடும் இரைப்பு வரும். தியோஃபிலின் அடங்கிய டெரிபிலின் மாத்திரை எடுப்பவருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் ரத்தத்தில் தியோஃபிலின் அளவு ஏறி வாந்தியும் படபடப்பும் உண்டாகும். டயோட்ரோபியம் எடுக்கும் ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

மோசமான நாளுக்கான ஏற்பாடு

நன்றாக இருக்கும் நாட்களில் உங்கள் இயல்பு என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்க முடிகிறது, சளியின் நிறமும் அளவும் என்ன, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஓய்வின்போது எவ்வளவு காட்டுகிறது, ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதினால் முள் எங்கே நிற்கிறது. இவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவின் பின்புறம் ஒட்டி வையுங்கள். பீக் ஃப்ளோ உங்கள் சிறந்த அளவின் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலோ, சால்பியுடமால் வழக்கத்தைவிட அடிக்கடி தேவைப்பட்டாலோ, இரவில் இரைப்பால் விழிப்பு வந்தாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிக் கூடினாலோ, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது எந்த மருந்தை எவ்வளவு கூட்டலாம் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்தத் தாளிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பீக் ஃப்ளோ அளவு 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், ஆக்சிமீட்டர் 88-க்குக் கீழே காட்டினால், குழப்பமாகப் பேசினால் அல்லது அரைத் தூக்கத்தில் இருந்தால், 108-ஐ அழையுங்கள். முன்பு சத்தமாகக் கேட்ட வீசிங் சத்தம் மூச்சுத் திணறல் குறையாமலே அடங்கிவிட்டால், அதை முன்னேற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றே உள்ளே போகவில்லை என்று பொருள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் வண்டி வந்து சேர நேரம் பிடிக்கும் என்பதால், அங்கே இருப்பவர்கள் ஒரு கட்டம் முன்னதாகவே அழைத்துவிட வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் நோயாளியைப் படுக்கவைக்காமல், முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றியபடி உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாகச் சால்பியுடமால் நான்கு முறை, ஒவ்வொன்றாக, கொடுங்கள். சில நிமிடங்களில் ஆறுதல் தெரியாவிட்டால் அதையே திரும்பக் கொடுங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடம் சிஓபிடி இருப்பதைச் சொல்லுங்கள். இத்தகையவர்களில் பலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் கரியமில வாயு உள்ளே சேர்ந்துவிடும் என்பதால், ஆக்சிமீட்டர் அளவு 88 முதல் 92 வரை இருக்குமாறு பார்த்துக் கொடுப்பதே வழக்கம். இந்த எண்களை ஓர் அட்டையில் எழுதிப் பம்போடு வைத்திருந்தால், பதற்றத்தில் நீங்கள் மறந்தாலும் அட்டை சொல்லும்.

வீட்டில் ஆக்சிஜன் கருவி வைக்கச் சொல்லியிருந்தால், ஒரு நாளைக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் பயன்படுத்தினால்தான் அதன் பலன் கிடைக்கும். அடுப்பு, சாமி விளக்கு, பீடி எதுவும் அதன் பக்கத்தில் கூடாது. மின்வெட்டு நேரத்துக்கு ஒரு சிலிண்டர் ஏற்பாடு செய்து வையுங்கள்.

மருத்துவமனையில் சேர்ந்து திரும்பினால், கிளம்பும் முன் மூன்று காரியங்களை முடித்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் எந்தத் தேதியில் நிற்க வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். புதிதாகத் தந்த பம்பைச் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை எடுத்துக்காட்டி, முறை சரிதானா என்று கேட்க வேண்டும். நான்கு வாரத்துக்குள் மறுபடி வந்து காட்ட ஒரு தேதி வாங்க வேண்டும். அந்தத் தேதியில் போகும்போது, வீட்டில் உள்ள பழைய, புதிய மருந்துகள் அத்தனையையும், தீர்ந்துபோன பம்புகளையும் சேர்த்தே, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வையுங்கள்.